வரப்பில் விழுந்த தடம்

மருத்துவர் சொன்னது எளிமையான விஷயம்தான். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். தினமும் காலையில் வேகமாக நடக்க வேண்டும். தஞ்சாவூரில் அந்த டாக்டரம்மாவின் அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது, எனக்கும் அது முடியும் என்றுதான் தோன்றியது. கீழ்வேளூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் நடப்பது? பிள்ளையை யாரிடம் கொடுப்பது? எதற்கு நடக்கிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

என் மகள் அப்போது தவழ ஆரம்பித்திருந்தாள். அவள் பிறந்ததிலிருந்தே எனக்குள் எதுவோ இடம் மாறியிருந்தது. தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். விரலை எடுத்ததும், உண்மையிலேயே வந்ததா, நான் நினைத்துக்கொண்டேனா என்று தோன்றும். மறுபடி வைப்பேன். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, திரும்பிப் போய்த் தொட்டுப் பார்ப்பேன். எந்த வேலையும் செய்யப் பிடிக்காது, ஆனால் எல்லா வேலையையும் செய்துவிடுவேன். சோறு வடிப்பேன், துணி அலசுவேன், மாமனாருக்கு வெந்நீர் வைப்பேன். அதனாலேயே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. என் கணவருக்கு மட்டும் தெரியும். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வந்துபோகிறவர் அவர். வந்திருந்த ஒரு நாள், கழுவிய பாத்திரத்தையே நான் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, மறுநாளே தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். வீட்டில் மட்டும், "ரத்தம் கொறவா இருக்காம்மா. நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவைத்தார்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தம் கொறவுன்னா முருங்கக்கீர திங்கணும். நடந்தா இருக்குற ரத்தமும்ல வத்திப் போவும்? வூட்டு வேல செய்யறவளுக்குத் தனியா என்னாத்துக்கு நட?"

எனக்கும் அதே கேள்விதான். தண்ணீர் தூக்குகிறேன், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போடுகிறேன், இதெல்லாம் உடற்பயிற்சி இல்லையா? அடுத்த முறை தஞ்சாவூர் போனபோது மருத்துவரிடம் கேட்டேன். "அதெல்லாம் மத்தவங்களுக்காகச் செய்யறது. இது உங்களுக்காகச் செய்யறது" என்றார். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. எனக்காக ஒன்றைச் செய்வது என்றாலே, யாருக்கோ செய்ய வேண்டிய ஒன்றை விட்டுவிட்டதுபோல் உறுத்தியது. நடந்தால் மனம் தெளியும் என்கிறார்கள். மனம் தெளிந்தால்தானே நடக்க முடியும்?

வீட்டுக்கு முன்னால் தார் ரோடு. அதில் டீக்கடை, பஸ் நிற்கும் இடம், எந்நேரமும் நாலு பேர். அங்கே நடக்க எனக்குத் தைரியம் இல்லை. பின்னால், மாட்டுக் கொட்டகையைத் தாண்டினால் எங்கள் வயல். அதை ஒட்டி மாமனாரின் பங்காளியுடைய வயல். அவர் மாமனாருக்குச் சித்தப்பா மகன். எனக்குச் சின்ன மாமா. இரண்டு வயல்களுக்கும் நடுவே ஒரு பெருவரப்பு வாய்க்கால் கரை வரை போகும். கரைமேல் ஏறிவிட்டால் மதகு வரை ஆள் நடமாட்டம் இருக்காது. நான் அந்த வரப்பைத் தேர்ந்தெடுத்தேன். கணவர் ஷூ வாங்கி வந்திருந்தார். சுடிதாரும் ஷூவுமாக வரப்பில் இறங்கியபோது, மாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்ததாக எனக்கு ஒரு எண்ணம்.

தினமும் நடந்தேன் என்று சொன்னால் பொய். பல காலைகளில் உடம்பு நனைந்த சாக்குபோலக் கிடக்கும். கொட்டகை வரை போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று எனக்கே ஆசை காட்டி எழுப்புவேன். சில நாள் கொட்டகையிலிருந்தே திரும்பிவிடுவேன். சில நாள் வரப்பின் பாதியில், குழந்தை அழுவது கேட்டதுபோலிருக்கும்; ஓடி வந்து பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். ஆனால் எப்போதாவது மதகு வரை போய்ச் சேர்ந்துவிடுவேன். மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். நடந்ததால் அடித்துக்கொள்கிற நெஞ்சு. காரணம் தெரிந்த படபடப்பு. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிம்மதிக்காகத்தான் மறுநாளும் ஷூவைத் தேடினேன்.

வரப்பில் எங்கள் பக்க ஓரம் முழுக்க நண்டு வளை. கால் வைத்தால் உள்ளே போய்விடும். அதனால் சின்ன மாமா பக்க ஓரமாகவே போனேன், வந்தேன். வேறு எந்த யோசனையும் இல்லை. கோடையில் புல் காய்ந்து கிடந்தது. ஷூ பட்டுப் பட்டு அது தேய்ந்து, வரப்பின் மேல் வெளிறிய கோடாக ஒரு தடம் விழுந்தது. நான் அதைக் கவனித்தேன். ரகசியமாகக் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். நான் எதையோ செய்துகொண்டிருக்கிறேன் என்பதற்குக் கண்ணால் பார்க்கும்படி இருந்தது அது ஒன்றுதான்.

அந்தத் தடம் மற்றவர்களுக்கு என்னவாகத் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த நிலம் இவர்கள் கைக்கு வந்தது ஒரு தலைமுறைக்கு முன்புதான். மாமனாரின் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே மிராசுதாரிடம் பண்ணையாட்களாக இருந்தவர்கள். கொடி பிடித்து, அடி வாங்கி, சட்டம் வந்து, ஆட்சி மாறி, மறுபடி மாறி, ஒருவழியாகப் பக்கத்துப் பக்கத்து வயல்களுக்குப் பட்டா வாங்கினார்கள். அப்படி வந்த நிலத்தில் ஒரு விரல் அகலம்கூடச் சும்மா இல்லை. நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தை மண்வெட்டியால் சீவி, புல்லும் வளையும் போகக் கழித்து, சேறு பூசுவார்கள். அண்டை வெட்டுவது என்று பெயர். ஒவ்வொரு போகத்துக்கும் மாமனார் இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சீவுவார், சின்ன மாமா அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சீவுவார். பெருவரப்பு என்று பெயர்தான் பெரியது.

அந்த வருடம் அண்டை வெட்ட வந்த சின்ன மாமா தடத்தைப் பார்த்தார். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே எங்கள் கொல்லைக்கு வந்து நின்றார்.

"அண்ணே! வெளிய வா. மருமவளுக்கு ஷூவ வாங்கி மாட்டிவுட்டு எங்க ஓரமாத் தடம் போட வுட்டுருக்கியா?"

மாமனார் சாப்பிட்ட கையோடு வந்தார். "நடந்தா தடம் வுழத்தான்டா செய்யும். பறந்தா போவும் பொண்ணு?"

"ஒங்க ஓரமா நடக்கறதுதான? எங்க ஓரத்துல என்னா சந்தனமா மணக்குது? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இன்னக்கி நடப்பே. நாளைக்கு சைக்கிள் வுடுவே. அப்பறம், இது காலங்காலமாப் பாதைன்னு டிராக்டர எறக்குவே!"

"எறக்குனா என்னாடா பண்ணுவ?"

"சர்வேக்கு எழுதிப் போடுவேன். அளந்து கல்லு போட்டுட்டு அப்பறம் பேசுவோம்."

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கையில் தோசைக் கரண்டி. என்னால். எல்லாம் என்னால். ரத்தம் குறைவென்று சொல்லி நடக்கப் போய், இரண்டு வீட்டுக்கும் நடுவே சண்டை. சின்ன மாமா போனதும் வெளியே வந்து, "நான் இனிமே நடக்கல மாமா" என்றேன்.

மாமனார் கை கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

"யாரு ஒன்ன நிறுத்தச் சொன்னா? நட. நல்லா நட. சர்வேயர் வர்றப்ப தடம் பளிச்சுன்னு இருக்கணும்."

மறுநாளிலிருந்து வீட்டின் காலைகள் மாறிவிட்டன. மாமனார் எனக்கு முன்பே எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். மாமியார், வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே, பால் காய்ச்சிவிடுவார். நான் ஒரு நிமிஷம் கூடுதலாகப் படுத்திருந்தால் வாசலிலிருந்து குரல் வரும்.

"என்னாம்மா, இன்னக்கிக் கௌம்பலயா? ராத்திரி தூறல் போட்டுருக்கு. தடம் அழிஞ்சிடப் போவுது."

போனில் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்பாவே அனுப்புறாரா? ஒனக்கு அதிர்ஷ்டம்தான். விட்டுடாத."

அதிர்ஷ்டம்தானா? யாராவது என்னைப் பிடித்துத் தள்ளிவிட மாட்டார்களா என்று நான் ஏங்கியது உண்மை. இப்போது ஒரு குடும்பமே தள்ளியது. எனக்காக எழுந்திருக்க முடியாத உடம்பு, மாமனாரின் வழக்குக்காகச் சட்டென்று எழுந்தது. அழுகை முட்டுகிற நாளிலும் ஷூ கயிற்றைக் கட்டினேன். தினமும் மதகைத் தொட்டேன். மருத்துவர் சொன்னது சரிதான், வேலை செய்தது. தூக்கம் வந்தது. குழந்தையின் மூக்கருகே விரல் வைப்பது குறைந்தது. ஒரு நாள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துணி உலர்த்தினேன். மாமியார் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் தேறியது உடம்பா, மனசா, இல்லை சொன்னதைச் செய்கிற பிள்ளை என்ற பழைய பெருமையா? அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒவ்வொரு அடியும் யாருடைய மண்ணையோ கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வருவதுபோல் இருந்தது. சின்ன மாமாவின் மனைவி, நான் சின்னத்தை என்று கூப்பிடுகிறவர், பிள்ளை பிறந்ததிலிருந்து மத்தியானங்களில் அவளைத் தூக்கிப்போய் வைத்திருப்பார். அவர் இப்போது என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார். மனசு கேட்காமல், ஒரு நாள் எங்கள் ஓரமாக நடந்து பார்த்தேன். பத்தடி போவதற்குள் கால் நண்டு வளைக்குள் இறங்கிச் சுளுக்கிக்கொண்டது. நொண்டிக்கொண்டு வந்தவளைப் பார்த்து மாமனார் கேட்டார்: "அந்தப் பக்கம் ஏம்மா போன? தடத்துல நடக்க வேண்டியதுதான?" சுளுக்குக்கு அவரே எண்ணெய் காய்ச்சச் சொன்னார். அந்த அன்பும் பொய் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது.

நிறுத்தினால் பழைய கிணற்றுக்குள் விழுந்துவிடுவேன் என்று பயம். நடந்தால் பாவம் சேருகிறது என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவே வேகமாக நடந்தேன்.

சர்வேயர் வந்த அன்று ஊரே கூடிவிட்டது. அந்த நாட்களில், எங்கள் பக்க வயல்களில் குழாய் இறக்கி எரிவாயு எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எந்த வயலில் யார் டேப் பிடித்து நின்றாலும் ஆட்கள் ஓடி வருவார்கள். அன்றும் வந்தார்கள். ஒரு அம்மா விளக்குமாற்றோடு வந்தார்.

"யாருய்யா நீங்க? கம்பெனி ஆளா?"

"தாலுகா ஆபீஸ்மா! இவரு எழுதிப் போட்டதுக்கு அளக்க வந்துருக்கோம். ஐடி கார்டு இருக்கு, பாருங்க" என்று சர்வேயர் கழுத்துப் பட்டையைத் தூக்கிக் காட்டினார். கம்பெனி இல்லை என்று தெரிந்தும் யாரும் போகவில்லை. பங்காளிச் சண்டையை யார் விடுவார்கள்?

மாமனார் வரப்பைக் காட்டினார். "சார், இந்தத் தடத்தப் பாருங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்க காலங்காலமா நடந்து வர்ற பாதை. சந்தேகம்னா எம் மருமவளக் கேளுங்க. படிச்ச பொண்ணு. பொய் சொல்லாது." பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, "இங்க வாம்மா" என்றார்.

குழந்தை இடுப்பில் இருந்தாள். நான் போய் நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அல்லது தலையை ஆட்டினாலே போதும். ஆட்டியிருந்தால் என் காலைகள் பத்திரமாக இருந்திருக்கும். பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை இருக்கும், எழுப்ப ஒரு குரல் இருக்கும், நடக்க வழி இருக்கும். இத்தனையும் எனக்கு அந்த இடத்தில் நின்றபோது தெளிவாகத் தெரிந்தது.

"கோடையிலேருந்துதாங்க நடக்குறேன்" என்றேன். "டாக்டர் நடக்கச் சொன்னாங்க."

"எந்த ஊரு டாக்டரு பங்காளி வரப்புல நடக்கச் சொன்னவரு?" என்றார் சின்ன மாமா. இரண்டு பேர் சிரித்தார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "தஞ்சாவூர்ல. மனசுக்குப் பாக்குற டாக்டர். புள்ள பொறந்ததுலேருந்து எனக்கு எந்நேரமும் பயமா இருக்கு. அழுகையா வருது. நடந்தா கொறையும்னாங்க, கொறையுது. ஒங்க ஓரமா நடந்தது எங்க ஓரத்துல நண்டு வள இருக்குறதால. வேற ஒண்ணும் இல்லீங்க சின்ன மாமா."

யாருடைய போனோ அடித்தது. யாரும் எடுக்கவில்லை. சர்வேயர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, தடம் யாரு போட்டா எங்களுக்கு என்னம்மா? பாதைப் பிரச்சனைன்னா கோர்ட்டுக்குப் போங்க. எங்களுக்குக் கல்லுதான் கணக்கு." அவர் வயலின் அளவுகள் வரைந்த புலப்படத்தை விரித்து, மூலைக்கல்லைத் தேடித் தோண்டச் சொல்லி, டேப்பை இழுத்தார். எல்லைக்கோடு மிச்சமிருந்த வரப்பின் நட்ட நடுவில் போனது. வரப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது.

"அப்ப ரெண்டு பேரும் சரிசமமாத் திருடியிருக்கீங்க!" என்று விளக்குமாற்று அம்மா சொன்னார். ஊர் சிரித்துக்கொண்டே கலைந்தது.

அப்படியானால் நான் சொன்னது யாருக்கும் தேவைப்படவே இல்லை. கேட்காததையும் சேர்த்து ஊர் நடுவே சொல்லியிருக்கிறேன். உண்மைக்காகச் சொன்னேனா, சுமக்க முடியாமல் கொட்டினேனா? கணவரும் அதைத்தான் கேட்டார்: "கல்லுதான் கணக்குன்னா நீ எதுக்கு எல்லாத்தையும் சொன்ன?"

மாமியார் அன்று சாயங்காலம் முழுக்கப் பாத்திரங்களோடு சண்டை போட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பாமல், "ரத்தம் கொறவுன்னு ரெண்டு பேருமாச் சேந்து எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கீங்க. எத்தன கட்டு முருங்கக்கீர ஆஞ்சேன்!" என்றார். மாமனார் அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், காலையில் குழந்தையை வாங்க வரவில்லை. அவரும் சின்ன மாமாவும் வரப்பை ஆளுக்கொரு பக்கம் வெறியோடு சீவினார்கள். அதன்மேல் இப்போது ஒரு கோழிதான் நடக்கலாம்.

சிலர் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கச் சொன்னார்கள். சிலர் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கும்போது கொஞ்சம் அவசரமாக வாங்கினார்கள். அடிபம்பில் சின்னத்தை என் அருகில் வந்து, குடத்தை நிரப்பிக்கொண்டே, "ஏன்டி, அந்த டாக்டரு கெழமையில என்னிக்கு இருக்கும்?" என்று கேட்டார். "சும்மாதான் கேட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் நடக்கவில்லை. வரப்பு இல்லை, பிள்ளையை வாங்கக் கை இல்லை, எழுப்பக் குரல் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வயலுக்கு அப்பால் அது தெரியும்படி, கொல்லைப் படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விரல் மறுபடியும் அவள் மூக்கருகே போக ஆரம்பித்தது. நடந்ததெல்லாம் மாமனாருக்காகத்தான், எனக்காக ஒரு நாளும் நான் நடந்ததில்லை என்று மனசு சொன்னது. அது சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் பகல் ஆகிவிடும்.

அப்படி ஒரு காலையில் மாமியார் வந்து முன்னால் நின்றார்.

"புள்ளய இப்புடிக் குடு."

"பரவால்ல அத்தை, தூங்குறா."

"குடுங்கிறேன்ல. ஷூவ மாட்டு. ரோட்டுல போயி நட."

"ரோட்டுலயா? டீக்கடையில எல்லாரும்... மாமா வேற..."

"அவரு கெடக்குறாரு. சர்வேயர் போயும் அவரு இன்னும் அளந்துக்கிட்டுத்தான் இருக்காரு." அவர் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இங்கயே ஒக்காந்து வாய்க்காத் தண்ணியவே பாத்துக்கிட்டு இருக்க. நேத்தும் பாத்த. முந்தாநேத்தும் பாத்த. எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு ரோட்டுல போறது மேலு. நாலு பேரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்."

ஷூவை மாட்டினேன். வாசல் தாண்டி ரோட்டில் ஏறினேன். டீக்கடையில் பேச்சு ஒரு கணம் நின்றது, மறுபடி தொடங்கியது. என்ன பேசினார்கள் என்று எனக்குக் காதில் விழவில்லை. நான் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். நான் தண்ணீரையா பார்த்துக்கொண்டிருந்தேன்? கரையைத்தான் பார்த்தேன். நடக்க முடியாமல் போன கரையை. அப்படித்தான் நினைக்கிறேன். கரையைப் பார்த்தால் தண்ணீரும் கண்ணில் படத்தானே செய்யும்? ஆனால் பயப்படும் அளவுக்கு அத்தை என் முகத்தில் எதைப் பார்த்தார்? நான் பார்க்காத எதை?

இல்லை அத்தை, கரையைத்தான் பார்த்தேன் என்று திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் அவர் நம்பும்படி சொல்ல வேண்டும். முதலில் நான் நம்பும்படி. அப்படி ஒரு வாக்கியம் கிடைக்கும்வரை திரும்ப வேண்டாம் என்று, பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டி நடந்தேன். ஊர்ப் பெயர்ப் பலகை வந்தபோதும் அந்த வாக்கியம் கிடைத்திருக்கவில்லை.